சோறும் வைக்கோலும்



அறுத்த நெற்கதிரைக் களத்தில் அடிக்கும்போது நெல் ஒரு புறமும் வைக்கோல் ஒரு புறமுமாகப் பிரிகின்றன. நெல் வீட்டுக்குச் செல்கிறது. வைக்கோல் தொழுவத்தின் அருகே போராக எழுகிறது. ஒரே வயலில் நின்று, ஒரே நீரைப் பருகி, ஒரே வெயிலில் வளர்ந்த ஒரே பயிரின் இரு பகுதிகள் இவை. ஆயினும் ஒன்று நமக்கு உணவு. மற்றொன்று நமக்கு உணவாவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

இந்த வினா என்னுடையதன்று. என் மாணவன் ஒருவனுடையது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் கார்போஹைட்ரேட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'அரிசி குளுக்கோஸால் ஆனது. வைக்கோலிலும் பஞ்சிலும் இருப்பது அதே குளுக்கோஸ்தான்' என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் மழை பொய்த்திருந்தது. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "அப்படியானால், ஐயா, அரிசி இல்லாதபோது வைக்கோலை வேகவைத்து உண்ணலாமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்கார், பாடத்தைக் கவனி" என்றேன். அன்று காலையில் அவன் ஒன்றும் உண்ணாமலே பள்ளிக்கு வந்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அது சிரிப்பதற்குரிய வினாவும் அன்று. கார்போஹைட்ரேட் இரசாயனத்தின் உயிர்நிலையைத் தொடும் வினா. அதற்குரிய விடையை இன்று கூற முயல்கிறேன்.

முதலில், கார்போஹைட்ரேட் என்றால் என்ன என்று காண்போம். ஒரு கரண்டியில் சிறிது சர்க்கரையை இட்டு அடுப்பில் காட்டுங்கள். சர்க்கரை உருகும், பழுப்பு நிறம் அடையும், ஆவி எழும், இறுதியில் கறுத்த கரி மட்டும் கரண்டியில் எஞ்சும். எழுந்த ஆவியில் பெரும்பகுதி நீராவியே. வெள்ளை வெளேரென்றிருந்த சர்க்கரைக்குள் கரியும், நீரின் மூலப்பொருள்களான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அடங்கியிருந்தன என்பது இதனால் விளங்கும். கார்பன் என்றால் கரி. ஹைட்ரேட் என்றால் நீரோடு கூடியது. இரண்டும் சேர்ந்து கார்போஹைட்ரேட் என்னும் பெயர் வந்தது. குளுக்கோஸின் ஒரு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் ஆறு, ஹைட்ரஜன் அணுக்கள் பன்னிரண்டு, ஆக்சிஜன் அணுக்கள் ஆறு உள்ளன. நீரில் இருப்பதுபோலவே இங்கும் ஹைட்ரஜன் இரண்டுக்கு ஆக்சிஜன் ஒன்று என்னும் கணக்கு இருப்பதைக் காண்க. ஆனால் இந்தப் பெயரை அளவுக்கு மீறி நம்பிவிடலாகாது. கரிக்குள் நீர் நீராகவே தங்கியிருக்கவில்லை. அணுக்கள் தனித்தனியே கார்பனோடு பிணைந்துள்ளன. மேலும், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்திலும் இதே விகிதம் உண்டு. அது கார்போஹைட்ரேட் அன்று.

இந்தச் சர்க்கரையை முதலில் ஆக்குவது எது? பச்சை இலைதான். வேர் உறிஞ்சிய நீரையும், காற்றிலிருந்து பெற்ற கரியமில வாயுவையும் கொண்டு, சூரிய ஒளியின் ஆற்றலால் இலை சர்க்கரையை ஆக்குகிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது. கரியமில வாயு எந்தெந்தப் படிகளைக் கடந்து சர்க்கரையாகிறது என்பதைக் கதிரியக்கக் கார்பனின் துணைகொண்டு ஆராய்ந்து கண்ட அமெரிக்க விஞ்ஞானி மெல்வின் கால்வினுக்கு 1961 ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. ஆகவே, ஒரு பிடி சோற்றை வாயில் இடும்போது, சில திங்களுக்கு முன் வயலில் விழுந்த வெயிலையே நாம் உண்கிறோம் என்று சொன்னால் அது வெறும் புனைவுரை ஆகாது.

இனி, குளுக்கோஸின் வடிவத்தைக் கவனிப்போம். அதே ஆறு, பன்னிரண்டு, ஆறு என்னும் அணுக்கணக்கு கொண்ட வேறு சர்க்கரைகளும் உண்டு. பழங்களிலும் தேனிலும் உள்ள ஃபிரக்டோஸ் ஒன்று. பாலின் சர்க்கரையில் அடங்கியுள்ள காலக்டோஸ் மற்றொன்று. செங்கற்களின் எண்ணிக்கை ஒன்றே. கட்டிய வீடுகள்தாம் வேறு. ஜெர்மானிய விஞ்ஞானி எமில் ஃபிஷர் இந்த நுட்பத்தை ஆராய்ந்து, குளுக்கோஸின் அணுக்கள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்பதை 1891 ஆம் ஆண்டு தெளிவுபடுத்தினார். மூலக்கூறைக் கண்ணால் காணும் கருவி எதுவும் இல்லாத காலம் அது! 1902 இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இரண்டு எளிய சர்க்கரைகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு நீங்கி, இரண்டும் ஒன்றோடொன்று பிணைகின்றன. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தது கரும்புச் சர்க்கரை. குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது பாற்சர்க்கரை. இவ்வாறே நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ்கள் தொடர்ந்து பிணைந்தால் நீண்ட சங்கிலிகள் உண்டாகின்றன. அரிசியிலுள்ள மாவுப்பொருளாகிய ஸ்டார்ச் அத்தகையது. வைக்கோலிலும் மரத்திலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸும் அத்தகையதே. இங்கேதான் நம் மாணவனின் வினா எழுகிறது. இரண்டிலும் குளுக்கோஸே மணி. அப்படியிருக்க, மாலைகள் ஏன் வேறுபடுகின்றன?

வேறுபாடு பிணைப்பில் உள்ளது. பள்ளி மைதானத்தில் மாணவர்கள் கைகோத்து நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் முகம் காட்டி நின்று, ஒவ்வொருவரும் சற்றே சாய்ந்தால், வரிசை வளைந்து சுருளும். ஒருவர் கிழக்கு நோக்கியும், அடுத்தவர் மேற்கு நோக்கியும் மாறி மாறி நின்றால், ஒருவர் சாய்வை மற்றவர் சாய்வு ஈடுசெய்ய, வரிசை நேராக நிற்கும். ஸ்டார்ச் முதல் வகை. செல்லுலோஸ் இரண்டாம் வகை. ஸ்டார்ச் சங்கிலி சுருளாக வளைகிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதாலேயே சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி அயோடின் கரைசல் விட்டதும் நீல நிறம் தோன்றுகிறது. செல்லுலோஸ் சங்கிலிகளோ நேராக நீண்டு, ஒன்றன் அருகே ஒன்றாக நெருங்கி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கயிறுபோல் உறுதி பெறுகின்றன. அதனால்தான் ஒன்று பயிரின் சேமிப்புப் பொருளாகவும், மற்றொன்று பயிரின் எலும்புக்கூடாகவும் பயன்படுகின்றன. நம் வீடுகளில் வேட்டிக்குக் கஞ்சி போடுகிறோம் அல்லவா? செல்லுலோஸுக்கு ஸ்டார்ச்சைப் பூசும் காட்சி அது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் சலவைத் தொட்டியில் மீண்டும் சந்திக்கிறார்கள்!

இந்தச் சிறு வேறுபாடு நம் வயிற்றுக்குப் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. உணவுச் சங்கிலிகளை அறுப்பவை என்ஸைம்கள் எனப்படும் நொதிகள். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல்போல, ஒவ்வொரு நொதியும் தனக்குப் பொருந்திய வடிவத்தையே தொடும் என்னும் உவமையை 1894 ஆம் ஆண்டு கூறியவரும் ஃபிஷரே. நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் ஸ்டார்ச்சைத் திறக்கும் திறவுகோல் உண்டு. வெறும் சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் மெல்ல இனிப்புத் தட்டுவது அதனாலேதான். முளைகட்டிய கேழ்வரகில் இனிமை தோன்றுவதும் அவ்வாறே. விதைக்குள் உறங்கிய ஸ்டார்ச்சை முளைக்கும் பயிர் தன் நொதியால் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. ஆனால் செல்லுலோஸைத் திறக்கும் திறவுகோல் மனித உடலில் இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி அன்செல்ம் பாயேன், முளைவிட்ட பார்லியிலிருந்து ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியை 1833 இல் பெர்ஸோ என்பவருடன் சேர்ந்து பிரித்தெடுத்தார். செல்லுலோஸைத் தனிப்பொருளாக இனங்கண்டு 1838 இல் உலகுக்கு அறிவித்தவரும் அதே பாயேன்தான்.

அப்படியானால் மாடு மட்டும் வைக்கோலை எவ்வாறு செரிக்கிறது? மாணவர்களே, மாட்டிடமும் அந்தத் திறவுகோல் இல்லை! நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையின் முதற்பெரும் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செல்லுலோஸை உடைக்கும் நொதி அவற்றினுடையது. அவை வைக்கோலை உடைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களே மாட்டின் உணவு. அவற்றுள் ஒன்றிலிருந்து மாட்டின் கல்லீரல் குளுக்கோஸை ஆக்குகிறது. அந்தக் குளுக்கோஸிலிருந்து மடியில் பாற்சர்க்கரை உருவாகிறது. எனவே, வைக்கோலை நாம் உண்ண முடியுமா என்றால், மாட்டின் வழியாக நாள்தோறும் உண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

மாட்டின் உதவியின்றி வைக்கோலைச் சர்க்கரையாக்க முடியாதா? முடியும். ஸ்டார்ச்சை நீர்த்த கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்தால் சர்க்கரை கிடைக்கும் என்பதைக் கிர்க்காஃப் 1811 ஆம் ஆண்டு கண்டார். 1819 இல் பிராக்கனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கந்தலான லினன் துணியிலிருந்தே அமிலத்தின் உதவியால் சர்க்கரை எடுத்துக் காட்டினார். வைக்கோலை வெறும் நீரில் எத்தனை நாழிகை வேகவைத்தாலும் அந்தப் பிணைப்புகள் அறாது. அமிலம் வேண்டும், அல்லது ஏற்ற நொதி வேண்டும். என் மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். சொல்லப் பத்து நிமிடங்கூட ஆகியிராது.

இனி, உண்ட சோறு உடலில் என்ன ஆகிறது என்று சுருக்கமாகக் காண்போம். ஸ்டார்ச் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. நலமுள்ள ஒருவரின் இரத்தம் முழுவதிலும், வெறும் வயிற்றில், ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் குளுக்கோஸே உள்ளது. ஒரு தேக்கரண்டி அளவு! அந்த அளவு மிகாமலும் குறையாமலும் காப்பதில்தான் உடல் நலம் அடங்கியுள்ளது. மிகுந்ததைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கின்றன. இதனைக் கல்லீரலிலிருந்து 1857 இல் பிரித்தெடுத்தவர் கிளாட் பெர்னார். இன்சுலின் என்னும் சுரப்புநீர் குறைந்தாலோ, உடல் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அதுவே நீரிழிவு. 1921 ஆம் ஆண்டு கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன், அந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிதாகவே இருந்தது.

மூளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்ந்திருக்கும் உடலின் ஆற்றல் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு அதற்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் தேவை. நாம் உறங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக அதனை அளித்துவருகிறது. காலையில் அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். அப்போதும் உணவு வராவிட்டால், தசையின் புரதத்தையும் உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கும் வேலை மிகுதியாகிறது. வளரவேண்டிய உடம்பு தன்னையே எடுத்துச் செலவிடும் நிலை அது. பசியோடு வகுப்பில் அமரும் பிள்ளையின் கவனம் சிதறுவதைச் சோம்பல் என்று நாம் எளிதாகப் பெயரிட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, என் நினைவில் முதலில் தோன்றியவன் பின்வரிசையிலிருந்த அந்த மாணவன்தான்.

கார்போஹைட்ரேட்டின் பணி ஆற்றல் தருவதோடு முடிந்துவிடுவதில்லை. நம்மால் செரிக்க இயலாத செல்லுலோஸும் நார்ப்பொருளாக நின்று மலச்சிக்கலைத் தடுக்கிறது. மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ.யின் முதுகெலும்பில் ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை உள்ளது. இறாலின் ஓடு குளுக்கோஸின் உறவினப் பொருளால் ஆனது. லான்ட்ஸ்டைனர் 1901 இல் வெளியிட்ட இரத்த வகைகளில், ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு, சிவப்பணுக்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் அமர்ந்த ஒரே ஒரு சர்க்கரையால் விளைவது. அந்த ஒன்று பொருந்தாத இரத்தத்தைச் செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

மாணவர்களே, இன்றிரவு உண்ணும்போது ஒரு பிடிச் சோற்றை நன்றாக மென்று, அதன் இனிமையை நாவால் அறியுங்கள். நாளை, வீட்டிலுள்ள டிங்சர் அயோடினில் ஒரு துளியைச் சிறிது கஞ்சியில் விட்டு நிறத்தைப் பாருங்கள். அந்தக் கஞ்சியை மட்டும் உண்ணாமல் கொட்டிவிடுங்கள். வகுப்பில் உங்களுக்கு ஓர் ஐயம் தோன்றினால், பிறர் சிரிப்பார்களே என்று அஞ்சி அதனை விழுங்கிவிடாதீர்கள். ஆசிரியராகப் போகின்ற கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சொல்: வினா கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்வதற்கு முன், அவன் உண்டு வந்தானா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.