கட்டி ஏன் திரும்பி வருகிறது?



மூளையில் வந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தாயிற்று. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால், பழைய இடத்திலேயே மறுபடியும் கட்டி. “எல்லாத்தையும் எடுத்துட்டதாத்தானே சொன்னாங்க?” என்று வீட்டார் கலங்கிப்போகிறார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பத்தியம் தவறியதாலும் அல்ல, செய்வினையாலும் அல்ல. காரணம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. 2004-இல் கனடாவின் டொராண்டோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர், நோயாளிகளின் மூளைக்கட்டிச் செல்களைப் பிரித்து எலிகளின் மூளையில் செலுத்திப் பார்த்தார்கள். சிடி133 என்ற புரதம் உள்ள செல்கள் 100 போதும், புதுக் கட்டி வளர்ந்தது. அந்தப் புரதம் இல்லாத செல்கள் 1 லட்சம் செலுத்தியும் வளரவில்லை. இப்படிக் கட்டியை மறுபடி உண்டாக்கும் செல்களைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். கதிர்வீச்சில் அடிபட்ட மரபணுவை இவை விரைவாகச் சரிசெய்துகொள்வதை 2006-இல் கண்டறிந்தார்கள்.

இவை தனித்துப் பிழைப்பதில்லை. இரத்தக் குழாய்களை ஒட்டியும், பிராணவாயு குறைந்த இடங்களிலும் பதுங்குகின்றன. மூளைக்குக் காவலான மைக்ரோகிளியா செல்களையே கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சூழல் மாறும்போது, சாதாரணக் கட்டிச் செல்லே ஸ்டெம் செல்லின் குணத்தைப் பெறுவதும் உண்டு.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லாலான் புல் தெரியும். மேலே வெட்டினால் மண்ணுக்கடியில் கிடக்கும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். அதனால் வெட்டுவதோடு நிற்காமல், இளங்கன்றுகளுக்கு நடுவே பயறுவகைக் கொடிகளைப் படரவிட்டார்கள். தரை மூடி, மரம் வளர்ந்து நிழல் கட்டியதும் லாலான் ஒடுங்கியது. இன்றைய மூளைப்புற்று ஆய்வும் அந்த வழியில்தான் போகிறது: ஸ்டெம் செல்லையும் அழிக்க வேண்டும், அதை வளர்க்கும் சூழலையும் மாற்ற வேண்டும்.

அந்த வெற்றி இன்னும் கைக்கு வரவில்லை. கதிர்வீச்சோடு டெமோசோலோமைட் மருந்தும் கொடுத்தால் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடுகிறது என்று 2005-இல் உறுதியானது. இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுதான்.

ஆகவே, நேயர்களே, பெரியவர் ஒருவருக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தாலோ, திடீரென ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலையில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால் கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். திருநீறு பூசுங்கள், சாமி கும்பிடுங்கள், மனத்துக்குத் தெம்பு கிடைக்கும். ஆனால் அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும், குறித்த தேதியில் ஸ்கேனுக்குப் போங்கள். கட்டி திரும்பி வந்துவிட்டால் நோயாளியையோ பார்த்துக்கொண்டவரையோ யாரும் குறை சொல்லாதீர்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.