தரவும் தனிச்சொல்லும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "கலிப்பாவின் உறுப்புகளைப் பற்றிப் பேசுங்கள் அம்மா, முனைவர் பட்டத்திற்கு நீங்கள் ஆராய்ந்த பொருள்தானே" என்றார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். உரை எழுத அமர்ந்தபோது, தரவு என்னும் முதல் உறுப்பைத் தாண்டி என்னால் செல்ல இயலவில்லை. தருவது தரவு. பாடலின் பொருளை முதலில் தந்து நிற்பதால் யாப்பு நூலார் அதற்கு அப்பெயர் இட்டனர். இன்று கணிப்பொறியாளரும் அதே சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டனர். மழை இவ்வளவு, காற்று இவ்வளவு, கடல் வெப்பம் இவ்வளவு என்று கருவிகள் தரும் குறிப்புகளுக்கும் தரவு என்றே பெயர். நம் சொல்லைப் பிறர் எடுத்துக்கொண்டால் நாம் கோபிக்க வேண்டியதில்லை. அதைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. அந்த உரிமையில்தான் இன்று பேசுகிறேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்று. 2024 நவம்பர் 30ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறிய மாலை. என் கைபேசிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. தமிழில்தான் வந்தது. மாவட்டத்தின் பெயர், சிவப்பு எச்சரிக்கை, அதிகனமழை என்று இருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த என் மாமனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் எண்பது வயது உழவர். "அதிகனம்னா எத்தனை உழவு மழைம்மா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "சிவப்புன்னா ஏரி கோடி போகுமா, கரை தாங்குமா?" என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் தெரியவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், தமிழில் வந்த ஒரு செய்தியைத் தமிழர் ஒருவருக்கு விளக்க முடியாமல் நின்றேன்.

இரவு இரண்டு மணியளவில் மேற்கே உள்ள ஊரிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மேலேரி கோடி போகுது" என்றார். நான்கே சொற்கள். மாமனார் எழுந்து கொட்டிலுக்குப் போய்க் கயிறுகளை அவிழ்த்தார். எங்கள் மாடுகள் பிழைத்தன. கீழ்த்தெருவில் ஒருவருடைய ஆறு ஆடுகள் வெள்ளத்தோடு போயின. மறுநாள் அவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். எனக்கு வந்த அதே எச்சரிக்கை அதிலும் இருந்தது.

இதைக் கருவிகளின் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தப் புயல் தாழ்வு மண்டலமாக இருந்த நாளிலிருந்தே நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இ.ஓ.எஸ்.-06 செயற்கைக்கோள் கடல்மீது வீசிய காற்றை அளந்து வந்தது, இன்சாட்-3டி.ஆர். மேகங்களைப் படம்பிடித்து அனுப்பியது. அதிகனமழை என்னும் சொல்லுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்வதையே வானிலையாளர் அவ்வாறு குறிக்கின்றனர். டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில், தமிழ்க் கல்லூரியால் நாமெல்லாம் அறிந்த மயிலத்தில் பெய்த மழை 51 சென்டிமீட்டர். எச்சரிக்கை பிழையில்லை. தரவு இருந்தது, அது வந்தும் சேர்ந்தது. திண்ணைக்கு வந்த இடத்தில் நின்றுவிட்டது.

தரவு பாதி வழியில் நின்றுபோவது புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். நம் கணக்கில் காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியது. பதினைந்து நிமிடத்தில் ஹவாய்த் தீவில் இருந்த பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அது பசிபிக் கடல் நாடுகளுக்காக அமைந்த மையம். இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய அமைப்பே அன்று இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் வங்கக் கடலின் மேல் பறந்தது. கடல்மட்டத்தை அளக்கும் கோள் அது. ஆழ்கடலில் விரைந்துகொண்டிருந்த அந்த அலையை அது அளந்தே விட்டது. அந்த அளவுகள் தரைக்கு வந்து, கணக்கிடப்பட்டுப் பொருள் விளங்கப் பல மணி நேரம் ஆயிற்று. எச்சரிப்பதற்கென்று அமைந்த கோள் அன்று அது. ஆகவே பழி சொல்வதற்கில்லை. ஆயினும் வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்க, கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சொல் வரவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதே காலையில், புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நடந்தது வேறு. அதைச் சொல்ல 1998ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுநிலையம். அங்கிருந்து கம்பி வழியாகவும் கம்பியில்லா முறையிலும் ஊர்களுக்குத் தகவல் போயிற்று. மின்சாரம் நின்றால் கதிரவன் ஒளி கைகொடுத்தது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது, பெண்களே நடத்தினர். வீராம்பட்டினத்து மீனவர் கேட்டதோ ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? விடை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் இருந்தது. வங்கக் கடலின் அலையுயரத்தை முன்கணித்து அவர்கள் நாள்தோறும் படமாக வெளியிட்டு வந்தனர், தம் போர்க்கப்பல்களுக்காக. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டார். எழுத்தறியாதவருக்கும் அது எட்டியது.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முன்பு அம்மையத்தில் தொண்டாற்றிப் பின் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியை முழக்கினர். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 500 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் உயிர் பிழைத்தனர். பெரும் கருவிகள் எட்டாத இடத்தை ஒரு தொலைபேசியும் ஒரு ஒலிபெருக்கியும் எட்டின. எங்கள் வீட்டு இரவு இரண்டு மணி அழைப்பும் இதே இனந்தான்.

உலகம் அதன்பின் சும்மா இருக்கவில்லை. 2005 பிப்ரவரியில் பிரசல்ஸ் நகரில் பல நாடுகள் கூடிப் புவியை உற்றுநோக்கும் குழுவொன்றை நிறுவின. இந்தியாவும் அதில் உண்டு. ஒவ்வொரு நாடும் தனித்தனியே வைத்திருக்கும் கோள்கள், மிதவைகள், மழைமானிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று கோத்து, முறைமைகளின் முறைமை ஒன்றை அமைப்பது அதன் நோக்கம். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் நமக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2008இல் அமெரிக்கர் லேண்ட்சாட் படங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டனர். 2009இல் நம் நாட்டில் புவன் தளம் வந்தது. 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, நுட்பம் குறைந்த, அதாவது 5 மீட்டரும் அதனினும் பருமையுமான படங்களை யாவருக்கும் இலவசமாக்கியது. 2025 ஜூலை 30 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய நைசார் செயற்கைக்கோள், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தை மீண்டும் பார்க்கும்படி அமைந்தது. ரேடார் அலையால் பார்ப்பதால் அதற்கு மேகமும் இரவும் தடையில்லை. நம் கழுவெளி நீர்நிலையும் ஒலக்கூர் ஒன்றியத்து ஏரிகளும் அதன் பார்வைக்குத் தப்பா.

இவை எவ்வாறு ஒன்றோடொன்று பேசுகின்றன என்று கவிஞர்கள் கேட்கலாம். யாப்பைக் கொண்டு சொல்கிறேன். யாழ்ப்பாணத்தார் எழுதிய வெண்பாவைத் திண்டிவனத்தார் அலகிட்டுப் பார்க்க முடிகிறதே, எதனால்? அசை, சீர், தளை என்னும் விதிகள் இருவர்க்கும் பொது. கணிப்பொறிகளுக்கும் அத்தகைய பொதுவிதிகளை 1994 முதல் ஒரு கூட்டமைப்பு வகுத்து வருகிறது. இந்த அட்சரேகை முதல் அந்த அட்சரேகை வரை, இந்தப் பொருள் பற்றிய படம், இந்த அளவில் வேண்டும் என்று ஒரு பொறி கேட்கும். உலகின் மறுகோடியிலுள்ள பொறி வரைந்து கொடுக்கும். கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும் ஒன்றாக இருப்பதால், யார் செய்த பொறி என்பது பொருட்டில்லை.

நம் முன்னோரின் தொடர் ஏரிகளும் இத்தகைய கோவைதான். மேலேரி நிறைந்தால் கோடி வழியே கீழேரிக்கு நீர் வரும். ஒவ்வொரு கரையும் தனி ஊருடையது, நீரோ எல்லாருடையது. மேலூரார் கோடியை உயர்த்திவிட்டால் கீழூர் காயும். இந்தப் பூசல் தெரியாத ஊர் இவ்வட்டாரத்தில் உண்டா? தரவிலும் இப்பூசல் இருக்கிறது. கோடியை அடைத்து வைத்திருப்போர் எல்லா நாட்டிலும் உள்ளனர்.

இப்போது கலிப்பாவுக்கு வருகிறேன். செயலாளரின் முகம் மலர்கிறது. நேரிசை ஒத்தாழிசைக் கலிப்பாவுக்குத் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என உறுப்புகள் நான்கு. தாழிசை முடிந்து சுரிதகம் தொடங்கும் இடத்தில், அடியின் கணக்கில் சேராமல் தனித்து நிற்கும் ஒரு சொல்தான் தனிச்சொல். அது இல்லாவிட்டால் முன்னதும் பின்னதும் ஒட்டா. என் ஆய்வுக் காலத்தில் அதை ஒரு பொருட்டாக நான் மதித்ததே இல்லை. ஆய்வேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். ஃபெஞ்சல் இரவில்தான் அதன் எடை தெரிந்தது. "மேலேரி கோடி போகுது" என்பது அந்தத் தனிச்சொல். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும் அதுவே. இன்று நமக்கு வருபவற்றுள் பெரும்பகுதி தரவு மட்டுமே நீண்டு செல்லும் தரவுக் கொச்சகமாக இருக்கிறது. கொச்சகம் தாழ்ந்ததென்று சொல்லவில்லை. கவிஞர்கள் என்மேல் பாய வேண்டாம்.

எச்சரிக்கை எழுதுவோர் அயலாருமல்லர், தமிழ் அறியாதாருமல்லர். உழவு மழை, கோடி, மதகு, கலங்கல் முதலிய சொற்கள் எந்த ஊரில் எந்த அளவைக் குறிக்கின்றன என்று அவர்களிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஓர் உழவு மழை என்பது நிலம் ஒருமுறை உழும் ஈரம் பெறும் மழை. செம்மண்ணில் ஒரு கணக்கு, களிமண்ணில் வேறு கணக்கு. மயிலத்து 51 சென்டிமீட்டர் எத்தனை உழவு என்று பின்னொரு நாள் மாமனாரைக் கேட்டேன். "அதுக்கெல்லாம் உழவுக் கணக்கு ஏதும்மா, அது வெள்ளக் கணக்கு" என்றார். அந்த வெள்ளக் கணக்கில் எத்தனை படிகள், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று இரண்டு மாலைப்பொழுது அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினேழு சொற்கள் தேறின. அவற்றுள் ஆறு, நான் பார்த்த எந்த அகராதியிலும் இல்லை.

நம் வட்டம் பத்தாண்டுகளில் கவியரங்குகள் நிறைய நடத்தியிருக்கிறது. அடுத்த ஐப்பசி மழைக்குள் ஒலக்கூர் ஒன்றியத்து ஏரிகளின் பெயர்களையும், எந்த ஏரியின் கோடி எந்த ஏரிக்குள் விழுகிறது என்பதையும், நீர்மட்டத்திற்கு அவ்வவ்வூரார் வழங்கும் சொற்களையும் தொகுத்துக்கொடுக்க நம்மால் முடியும். அதைப் பெற்றுக்கொண்டு எச்சரிக்கைச் செய்திகளில் சேர்ப்பார்களா என்பதை நாம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அறியலாம். நுழைவாயில் மேசைமேல், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மாமனாரின் பதினேழு சொற்கள் உள்ளன. உணவுக்குச் செல்லுமுன் உங்கள் ஊர் ஏரியின் பெயரையும் தெரிந்த சொல் ஒன்றையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.