எடையற்ற வெளியில் வளரும் உயிர்கள்



வெள்ளி விழா மேடையில் விண்வெளி எலிகளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஓர் உயிர் எதனை எப்பருவத்தில் கற்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அது கல்விக் கழகத்துக்கு அயலான பொருள் அன்று.

காரைக்கால் கடற்கரையில் வாழும் நாம் கத்தாளை மீனின் தலையிலுள்ள வெண்கல்லை அறிவோம். உண்ணும்போது பல்லில் படும். மீனுக்கு மேல் எது, கீழ் எது என்று உணர்த்துவது அத்தகைய கல்லே. புவியீர்ப்பு அதனை இழுக்கையில், அதனைத் தாங்கும் நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நம் உட்செவியிலும் இவ்வேற்பாடே உண்டு. கல்லுக்குப் பதிலாக நுண்துகள்கள் உள்ளன. சொறி என்று நாம் ஒதுக்கும் இழுதுமீனுக்கும் இத்தகைய மணிகள் உண்டு.

விண்கலத்தில் அக்கல் எடையற்றுப் போகிறது. அங்கேயே வளரும் குஞ்சின் கதி என்ன? 1991 ஜூனில் கொலம்பியா விண்ணோடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் இழுதுமீன்கள் சென்றன. அங்கே வளர்ந்தவற்றுள் பல, பூமிக்கு மீண்டபின் சீராகத் துடித்து நீந்த இயலாமல் தடுமாறின. 1994இல் கருவுற்ற எலிகளை அனுப்பினர். அவை பூமிக்குத் திரும்பி ஈன்ற குட்டிகள், நீரில் மல்லாத்தி விட்டபோது முதலில் திரும்பத் திணறின. சில நாட்களில் தேறிவிட்டன.

முதிர்ந்தவர் நிலை வேறு. 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பதினெட்டு நாள் தங்கி மீண்ட நம் நாட்டு வீரர் சுபான்சு சுக்லா, மடிக்கணினி மிதக்கும் என்றெண்ணிக் கட்டிலின் ஓரமாக விட்டார். அது கீழே விழுந்தது! எனினும் பழைய பழக்கம் அவருக்கு விரைவில் மீண்டது.

1998இல் நியூரோலேப் பயணத்தில் சென்ற இரு வார வயதுக் குட்டிகளுக்கு அவ்வாறு மீளவில்லை. எலிக்கு நடையும் புரளலும் முதிரும் பருவம் அது. பதினாறு நாட்களின் பின் திரும்பிய அவை, மல்லாந்த நிலையிலிருந்து புரண்டெழும் முறையில் பூமியில் வளர்ந்த எலிகளிலிருந்து வேறுபட்டன. வளர்ந்த பின்னும் அவ்வேறுபாடு நீங்கவில்லை. அதற்கு முந்தைய ஒன்பது நாள் பயணத்திலோ மாற்றம் நிலைக்கவில்லை.

இதனைக் கொண்டு, பருவம் தவறியவர் கற்கவே இயலாது என்று எவரேனும் கூறின் நாம் ஏற்க வேண்டியதில்லை. நரை கண்டபின் எழுத்தறிந்த பெரியோர் நம்மிடையே உண்டு. அவ்வெலிகளும் விழுந்து கிடக்கவில்லை. தாம் நடை பயின்ற உலகுக்கு ஏற்ற முறையில் புரண்டெழுந்தன.