கானாவூர் இரசமும் பேதுருவின் வாளும்



2012 டிசம்பர் 14. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பதினொரு நாள்களே இருந்தன. அமெரிக்காவின் நியூடவுன் நகரில், சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த இளைஞன் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். நான்கு மாதங்களுக்குப் பின், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை இன்னும் விரிவாக விசாரிக்க வேண்டும் என்ற மசோதா அந்நாட்டின் செனட் சபைக்கு வந்தது. 54 பேர் ஆதரித்தும், தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் அது வீழ்ந்தது.

இத்தகைய சட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அங்கே ஒரு வாதம் எழுகிறது. ‘மதுவைத் தடைசெய்து பார்த்தோமே, என்ன ஆயிற்று? துப்பாக்கிச் சட்டமும் அப்படித்தான் தோற்கும்’ என்கிறார்கள். இதை நாம் நேர்மையோடு சீர்தூக்கிப் பார்ப்போம்.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா மது தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. திருப்பலிக்கான இரசத்துக்கு விலக்கு அளித்தது. குடியால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீர் அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தது. ஆனாலும் அது நிலைக்கவில்லை. தானியமும் சர்க்கரையும் இருந்தால் வீட்டிலேயே காய்ச்சலாம், பலர் காய்ச்சினார்கள். கள்ளச்சாராயக் கும்பல்கள் கொழுத்தன. அவர்களின் பகையில், 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள்.

இதற்குப் பின் நடந்ததையும் நாம் பார்க்க வேண்டும். மதுவிலக்கை நீக்கிய மறு ஆண்டே, 1934-இல், அதே நாடு இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. எல்லாருடைய துப்பாக்கிகளையும் அது பறிக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. அந்நாளில் அது பெருந்தொகை. மதுவிலக்கு பதினான்கு ஆண்டுகளுக்குள் மறைந்தது. இந்தச் சட்டமோ இன்றும் இருக்கிறது. முழுத் தடை வேறு, கட்டுப்பாடு வேறு.

நம் ஆண்டவர் கானாவூர்த் திருமண வீட்டில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினார். கெத்சமனித் தோட்டத்தில், வாளை உருவிய பேதுருவிடம் அதை உறையில் போடச் சொன்னார். காயப்பட்டவர் தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அவரைத் தொட்டுக் குணமாக்கினார். பிறர் உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்துக்கு ஓர் உறை வேண்டும் என்று கேட்பது நம் விசுவாசத்துக்கு அந்நியமானதன்று.

சட்டம் மனித உள்ளத்தை மாற்றாது என்பது உண்மையே. குடிப்பவரின் உள்ளமும் கொலைவெறியோடு அலைபவரின் உள்ளமும் இறையருளால்தான் மாற வேண்டும். அதற்காக நாம் செபிக்கிறோம். ஆனால், உள்ளம் மாறும்வரை அடுத்த வீட்டுக் குழந்தையைக் காவலின்றி விட்டுவிடலாமா? நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். செபமும் வேண்டும், நீதியான சட்டமும் வேண்டும்.

சாண்டி ஹுக்கில் பிள்ளைகளை இழந்த பெற்றோரை இன்று நம் செபத்தில் நினைவுகூர்வோம். அமைதியின் அரசர் நம் இல்லங்களையும் எல்லா நாட்டுக் குழந்தைகளையும் காப்பாராக. ஆமென்.