இருப்பும் வரத்தும்: வள மேலாண்மையில் மாணவர்கள் தடுமாறும் இடம்

புதுப்பிக்கத்தக்க இயற்கை வளம் எதுவானாலும் அதற்கு இருப்பு உண்டு, வரத்து உண்டு, செலவும் உண்டு. ஏரியில் நிற்கும் நீர் இருப்பு. வாய்க்கால் வழியே வந்து சேர்வது வரத்து. மதகு வழியே வயலுக்குப் போவதும், வெயிலில் ஆவியாவதும் செலவு. காட்டு மரங்களுக்கும் கடல் மீன்களுக்கும் நிலத்தடி நீருக்கும் இதே கணக்குத்தான். செலவு வரத்தைத் தாண்டாமல் காப்பதும், வரத்து வற்றிப்போகாத அளவுக்கு இருப்பை விட்டுவைப்பதுமே நீடித்த வள மேலாண்மையின் அடிப்படை. சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது. ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள், கணிதத்தில் தேர்ந்தவர்கள் உட்பட, இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பதை ஆய்வுகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டிவருகின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிண்டா பூத் ஸ்வீனியும் ஜான் ஸ்டெர்மனும் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் ஒரு தொட்டிக்குள் வரும் நீரின் வேகமும் வெளியேறும் நீரின் வேகமும் வரைபடமாகத் தரப்பட்டன. தொட்டியில் நீரின் அளவு எப்படி மாறும் என்று அவர்கள் வரைய வேண்டும். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். அப்படியிருந்தும் கணிசமானோர் தவறாக வரைந்தார்கள். வரத்துக் கோடு இறங்கினால் நீர்மட்டமும் இறங்கும் என்று பலர் எண்ணிவிட்டார்கள். வரத்து குறைந்துகொண்டே வந்தாலும், அது செலவைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இதே கோளாறு 2009இல் வெளியான இன்னோர் ஆய்விலும் தெரிந்தது. ஒரு கடைக்குள் ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் நுழைகிறார்கள், எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்ற வரைபடம் காட்டப்பட்டது. அதிகம் பேர் நுழைந்த நிமிடத்தை ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். கடைக்குள் அதிகம் பேர் இருந்த நேரத்தைச் சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே, அது சேர்த்துவைக்கும் இருப்பைக் காணத் தெரியவில்லை.

வள மேலாண்மைக்கு வரும்போது இந்தத் தவறு பெரும் விலை கேட்கிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்லிங் மோக்ஸ்னெஸ், பனிமான் மந்தையை நிர்வகிக்கும் ஒரு கணினிச் சோதனையை அமைத்தார். பனிமான்களுக்குக் குளிர்கால உணவு, பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன். அது மெல்ல வளர்வது. முன்பு இருந்தவர் அளவுக்கு மீறி மேயவிட்டதால் லைக்கன் குறைந்துபோன நிலம் சோதனையில் பங்கேற்பவரிடம் தரப்படும். நிலம் முழுவதும் அவருக்கே சொந்தம்; போட்டிக்கு ஆளில்லை. மந்தையை முதலிலேயே வெகுவாகக் குறைத்து, லைக்கன் தேறியபின் கூட்டுவதுதான் சரியான வழி. பங்கேற்றவர்களோ சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் மேய்ச்சல் வளர்ச்சியைவிட அதிகமாகவே இருந்ததால் லைக்கன் தொடர்ந்து தேய்ந்தது. இதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. நல்லதைத்தான் செய்கிறோம் என்று நம்பியே அவர்கள் நிலத்தைக் கெடுத்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறையை ஊட்டினால் போதும் என்று கருதும் கல்வி கவனிக்கத் தவறும் இடம் இது.

மாணவர்களுக்குக் கடினமான இன்னொன்று, வரத்தே இருப்பைச் சார்ந்து நிற்பது. மீன் குறைவாக இருந்தால் குஞ்சுகளும் குறைவு. கடல் தாங்கும் அளவுக்கு மீன் நிறைந்துவிட்டால், இரைக்குப் போட்டி மிகுந்து வளர்ச்சி மந்தமாகும். இரண்டுக்கும் நடுவே எங்கோ வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். எளிய கணித மாதிரியில் அது கடல் தாங்கும் அளவின் பாதி. அந்தப் பாதிக்குக் கீழே இறங்கியபின்னும் பழைய அளவிலேயே பிடித்தால் சரிவு தானே வேகமெடுக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்வளம் இப்படித்தான் சரிந்தது. மீன் குறைந்துகொண்டிருந்தபோதும், திறன்கூடிய படகுகளும் கருவிகளும் எஞ்சிய மீனைத் தேடிப் பிடித்தன. வலையில் விழுந்ததை வைத்துக் கடலில் இருந்ததை மதிப்பிட்டது மதிப்பீட்டைப் பிழையாக்கியது. 1992 ஜூலையில் அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது; பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர்.

வளம் பொதுவானதாகும்போது கணக்கோடு மனித உறவும் சேர்கிறது. காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை, பொதுவளம் தன்னலத்தால் அழிந்தே தீரும் என்று வாதிட்டது. அந்த முடிவை மாணவர்கள் இயற்கை விதிபோல ஏற்றுக்கொள்வது எளிது. எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல் வேறு சான்றுகளை முன்வைத்தது. சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், ஜப்பானின் ஊர்ப் பொதுக்காடுகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து நூற்றாண்டுக் கணக்கில் காத்துவந்தார்கள். ஆஸ்ட்ரமும் உடன் ஆய்வாளர்களும் இண்டியானா பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆய்வுக்கூடச் சோதனைகளும் நடத்தினார்கள். பேசாமல் தனித்தனியே முடிவெடுத்த மாணவர்கள் பொதுவளத்தை அளவுக்கு மீறிச் சுரண்டினார்கள். கலந்துபேச வாய்ப்புக் கிடைத்ததும் விளைவு வெகுவாக மேம்பட்டது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு ஆஸ்ட்ரமுக்குக் கிடைத்தது. தமிழக ஏரிப் பாசனத்தில், நீர் பங்கிடும் ஊர்ப் பணியாளரான நீர்கட்டி முறைவைத்து மடை திறந்ததும் ஊரார் வகுத்த இத்தகைய விதிகளின்படியே.

இதைக் கற்பிக்க வேண்டிய சுற்றுச்சூழல் கல்விக்கு இந்தியாவில் சட்டத்தின் வலுவும் உண்டு. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது. 2003இல் மீண்டும் வலியுறுத்தியபின், எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறுமாதப் பாடம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு 50 மணி நேரம் வகுத்தது. அதில் களப்பணிக்கு 5 மணி நேரம், ஆனால் 100 மதிப்பெண்ணில் 25. காடு, நீர், கனிமம், உணவு, ஆற்றல், நிலம் என்று வளங்கள் அந்தப் பாடத்தில் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதத் தெரிந்தால் தேர்ச்சி பெற்றுவிட முடிந்தது. இருப்பைக் கணக்கிடத் தெரியுமா என்று சோதிக்க வரையறைக் கேள்வியால் முடியாது.

இருப்பைக் கணக்கிடக் கற்பிக்க வழிகள் ஏற்கெனவே உள்ளன. டென்னிஸ் மெடோஸ் உருவாக்கிய ‘ஃபிஷ்பேங்க்ஸ்’ விளையாட்டில் மாணவர் குழுக்கள் மீன்பிடி நிறுவனங்களாகி, படகு வாங்கிப் போட்டியிட்டு, பெரும்பாலும் மீன்வளத்தை அழித்துவிடுகின்றன. பிறகு நடக்கும் உரையாடலில்தான் பாடம் தொடங்குகிறது. செலவில்லாத வழி, ஊர்க் கிணறு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. கல்லூரியை ஒட்டிய கிணறுகளில் மாணவர்களும் கயிறும் அளவுநாடாவும் கொண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் அளக்கலாம். எத்தனை மோட்டார், எத்தனை மணி நேரம் இறைத்தது என்று உழவர்களிடம் கேட்டுக் குறிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் சில கிணறுகளில் மட்டம் ஏன் மீளவில்லை என்பதை அந்த எண்களைக் கொண்டே மாணவர்களால் ஆராய முடியும்.