துருக்கிமொழியின் செயப்பாட்டுவினை



துருக்கி நாடு 1928-இல் அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தை மேற்கொண்டது. 12-7-1932-இல் முசுத்தபா கெமால் மொழிக்கழகம் நிறுவினார். அயற்சொற்களைக் களையும் பணி முனைந்து நடந்தது. அக்களையெடுப்பு இலக்கணத்தின் உள்ளேயும் புகுந்தது. அதற்குச் செயப்பாட்டுவினையே நற்சான்று.

முதலில் சொற்றொடரைக் காண்போம். 'அன்னெ சுயு வெர்தி' என்றால் 'அன்னை நீரைத் தந்தாள்' என்பது பொருள். எழுவாய் முன்னும், செயப்படுபொருள் இடையும், பயனிலை கடையும் நிற்கின்றன. 'சு' என்பது நீர். அதனோடு இரண்டாம் வேற்றுமை உருபாகிய உயிர் புணர்கையில் இடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றிச் 'சுயு' ஆகிறது. 'வெர்தி' என்பதோ தந்தான், தந்தாள், தந்தது என்னும் மூன்றுக்கும் பொது. அம்மொழியில் பால்காட்டும் ஈறு இல்லை. 'அன்னெ' என்பதன் ஒலியைக் கேட்டு இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்று துள்ளற்க. குடும்பம் வேறு; ஒட்டுநிலை அமைப்பு ஒன்றே பொது.

இனி, தந்தவர் யாரென்று சொல்ல வேண்டாவிடத்துச் 'சு வெரில்தி', அஃதாவது 'நீர் தரப்பட்டது' என்பர். உருபு நீங்கியது, 'சு' எழுவாயாயிற்று. 'வெர்' என்னும் வேருக்கும் காலங்காட்டும் 'தி'க்கும் இடையில் 'இல்' புகுந்தது. தமிழ் 'படு' என்னும் துணைவினையால் செய்வதைத் துருக்கிமொழி ஓர் இடைநிலையால் முடிக்கிறது. வேரின் உயிரைத் தழுவி அவ்விடைநிலை திரியும்: 'துத்' (பிடி) 'துதுல்' ஆகும். லகர ஈற்று 'ஆல்' (எடு) 'ஆலின்' ஆகும். உயிரீற்று 'ஒகு' (படி) 'ஒகுன்' ஆகும். எதிர்மறை வேண்டின் 'மெ' இடையிற் சேர்ந்து 'வெரில்மெதி' (தரப்படவில்லை) என வரும்.

செயப்படுபொருள் குன்றிய வினையும் இவ்வடிவு ஏற்கும். 'கிர்' என்றால் நுழை. 'கிரில்மெசு' என்பது வாயில்களிற் காணும் அறிவிப்பு. 'இங்கு நுழைதல் கூடாது' என்பது கருத்து. பேச்சுத் தமிழில் வழங்கும் 'அங்குப் போகப்படாது' என்பதை இது நினைவூட்டும்.

இத்துணைத் தெளிந்த அமைப்புக்குப் பழைய இலக்கணத்தார் இட்ட பெயர் 'மெச்சூல்' என்னும் அரபுச்சொல். 'அறியப்படாதது' என்பது அதன் பொருள். செய்தவர் அறியப்படாமையின் அப்பெயர். துருக்கிச் சிறுவனுக்கு அச்சொல் எதையும் காட்டவில்லை. சீர்திருத்தத்தார் இட்ட பெயர் 'எதில்கென்'. 'எத்' என்பது செய். 'எதில்' என்பது செய்யப்படு. 'கென்' என்பது இயல்பு குறிக்கும் ஈறு. பெயரைப் பிரித்தாலே நெறி விளங்கும்! பெயரே எடுத்துக்காட்டு!

ஆயினும் களையெடுப்பு முற்றவில்லை. 'இன்னாரால்' என்று செய்தவரைச் சுட்ட 'தரஃபிந்தன்' என்பர். அதன் இறுதி உருபுகள் துருக்கி. வேராகிய 'தரஃப்' அரபு. 'சா, செ' என்னும் சொந்த ஈறு அரசு, கழகம் போன்ற அமைப்புப் பெயர்களோடு ஒட்டுகிறது. ஆட்பெயரென்றால் 'தரஃபிந்தன்'தான் வேண்டியிருக்கிறது. ஒரு முறை வேரூன்றிய இலக்கணச் சொல்லைப் பெயர்ப்பது பொருட்பெயரைப் பெயர்ப்பதினும் அரிது என்பதற்கு இதுவே சான்று.

செயப்பாட்டுவினை என்னும் தமிழ்ப்பெயரும் 'செய்', 'படு' இரண்டையும் தன்னுள் தாங்கி நிற்கிறது. துருக்கியர் அரிதின் முயன்று ஆக்கிக்கொண்ட அத்தெளிவு தமிழ் மாணவன் கையில் முன்பே உள்ளது. பெயரைப் பிரித்துக் காட்டிக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.