திறக்க மறுக்கும் உலாவி
(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றக் கடைசி நாள். உலாவியின் படத்தை இருமுறை சொடுக்குகிறோம், எதுவும் வரவில்லை. மீண்டும் நிறுவினால் பாதியில் நிற்கிறது. சரி, நீக்கிவிடலாம் என்றால், 'எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு முயலவும்' என்கிறது. திரையில் ஒரு சாளரமும் இல்லையே, எதை மூடுவது?

விடை அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. திரையில் தெரியாவிட்டாலும் உலாவி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடும் நிரல் தன் கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றை நீக்கவோ மாற்றி எழுதவோ விண்டோஸ் விடாது. உள்ளே பிள்ளைகள் இருக்கும்போது வகுப்பறைக்கு வெள்ளையடிக்க முடியுமா?

நம் பள்ளிகளில் அதிகம் புழங்கும் குரோமையே எடுத்துக்கொள்வோம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் குரோம் என்று உள்ள வரிகளைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பல நேரங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் உடனே நீக்கப் போகாதீர்கள். புத்தகக்குறிகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. அது சேதமானாலும் குரோம் திறக்காது. சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் கணக்கின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா என்று போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தால் தெரியும். அங்கே 'டிஃபால்ட்' என்ற கோப்புறையின் பெயரை மட்டும் 'டிஃபால்ட் பழையது' என்பதுபோல் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். குரோம் திறந்தால் கோளாறு அதில்தான். திறக்காவிட்டால் பழைய பெயரையே வைத்துவிடலாம், இழப்பில்லை.

நீக்கியே ஆகவேண்டும் என்றால், முதலில் யூசர் டேட்டா முழுவதையும் வேறிடத்தில் நகலெடுங்கள். நீக்கும்போது, உலாவல் தரவையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போடக் கூடாது. தலைமை ஆசிரியரின் கடவுச்சொற்கள் அதில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை!

அப்போதும் நீங்க மறுத்தால், விண்டோஸ் பதிவேட்டில் உள்ள பதிவு கெட்டிருக்கலாம். இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் இலவசக் கருவி ஒன்றைத் தருகிறது. அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்கும் 'கிளீனர்' விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். மாணவர் விவரங்கள் உள்ள கணினி அது.

நிறுவல் பாதியில் நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு. வழக்கமான நிறுவி சிறிய கோப்பு. மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். நம் இணைய வேகம் தெரிந்ததுதானே. இணையமின்றி நிறுவும் முழுக்கோப்பையும் கூகுள் தருகிறது. பென் டிரைவில் ஒன்று வைத்திருங்கள்.

கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால் இவ்வளவும் வீண் முயற்சி. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல், விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையதுதான் வேண்டும். புதிய நிறுவி அதில் ஏறாது. அந்தக் கணினியைப் 'பழுது' என்று எழுதித் துணி போர்த்திவிடாதீர்கள். தட்டச்சுப் பழக, படம் வரைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது போதும்.

வலப்பக்கக் கணினியில் சோதனைக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். கோப்புறையைப் பெயர் மாற்றும் வேலையை ஒவ்வொருவரும் அதில் ஒரு முறை செய்து பாருங்கள்.